நோட்ஸ் படிக்காமல் கிதார்: வளர்ந்தவர்கள் சறுக்கும் இடங்கள்

முப்பத்தைந்து, நாற்பது வயதில் கிதார் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ஐந்து கோடு போட்ட அந்த மேற்கத்திய இசைக்குறிப்பைப் படிக்கத் தெரியாமல் வாசிக்க முடியுமா என்பதைத்தான். தாராளமாக முடியும். ஜாஸ் கிதாரில் பெரும் பெயர் எடுத்த அமெரிக்கர் வெஸ் மான்ட்கோமரிக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆறு தந்தி கிதாரை அவர் கையில் எடுத்ததே இருபது வயதையொட்டித்தான். பகலில் வேலை, இரவில் சாதகம். சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று தந்தியை மீட்டும் சிறு தகடான பிக்கை விட்டுவிட்டுக் கட்டைவிரலால் மீட்டத் தொடங்கினார் என்பார்கள். பின்னாளில் அந்த மெத்தென்ற நாதமே அவருடைய முத்திரையாயிற்று.

ஆனால் அவர் தனக்கு முந்தைய ஜாஸ் கிதார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஸ்வரம் ஸ்வரமாகப் பிடித்தவர். கண்ணுக்கு மிச்சமான வேலையைக் காது செய்தது. நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். குறிப்பு படிக்க வேண்டாம் என்ற சலுகையை, தாளத்துக்கும் ஸ்வரத்துக்கும் காதால் கேட்டுப் பழகுவதற்கும் சேர்த்தே கிடைத்த விடுமுறையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

டேப் என்று சுருக்கிச் சொல்லப்படும் டேப்லேச்சர் என்ற எண்குறிப்பு முறையில் இது பளிச்சென்று தெரியும். ஆறு கோடுகள், தந்திக்கு ஒன்று. கோட்டின் மேல் உள்ள எண் எந்த ஃபிரெட்டில், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகள் பிரிக்கும் எந்தக் கட்டத்தில், அழுத்த வேண்டும் என்று சொல்லும். இது சோம்பேறிகளின் குறுக்குவழி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் லூட் என்ற தந்திக்கருவியை வாசித்தவர்களும் இப்படித்தான் எழுதிவைத்தார்கள். முதல் குழப்பம் வரிசையில் வரும். டேப்பின் மேல்கோடு மெல்லிய தந்தி. மடியில் கிதாரை வைத்துக் குனிந்து பார்த்தாலோ முகத்துக்கு அருகில் இருப்பது தடித்த தந்தி. கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களின் கூட்டு, பிடிக்கும் விதத்தைக் காட்டும் படங்களில் கோடுகள் செங்குத்தாக நிற்கும், இடக்கோடியில் இருப்பது தடித்த தந்தி. இரண்டையும் ஒருமுறை நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் போதும்.

இதைவிடப் பெரிய கோளாறு, இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான டேப்களில் காலக்கணக்கே இருக்காது என்பது. எங்கே அழுத்துவது என்று இருக்கும். எவ்வளவு நேரம் என்று இருக்காது. எண்களை வரிசையாக வாசித்துவிட்டு, 'எல்லாம் சரியாகத்தான் அழுத்துகிறேன், பாட்டு மட்டும் வரவில்லை' என்று அலுத்துக்கொள்பவர்கள் ஏராளம். கிதாரைத் தொடும் முன்பு பாட்டை ஓடவிட்டுத் தொடையில் தட்டுங்கள். நான்கு நான்காக விழுகிறதா, மும்மூன்றாக விழுகிறதா? நம் திரைப்பாடல்களில் மும்மூன்றாக விழும் திஸ்ர நடைப் பாட்டுகள் நிறைய உண்டு. அவற்றின் மேல் காணொளியில் கற்ற நான்கெண்ணிக்கை ஸ்ட்ரம்மிங்கை, அதாவது தந்திகளைச் சேர்த்து வருடும் வாசிப்பை, ஏற்றினால் எந்தக் கார்டும் உட்காராது. குற்றம் விரலில் இருப்பதாக நினைத்து விரலை வதைப்பதுதான் மிச்சம்.

இடக்கைக்கு வருவோம். வளர்ந்தவர்கள் கார்டுகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார்கள்: இன்று சி, நாளை ஏ மைனர், மறுநாள் ஜி. பாட்டு நடப்பதோ கார்டுகளுக்கு நடுவில். சி கார்டைப் பிடித்துக்கொண்டு பாருங்கள் (மெல்லியதை முதல் தந்தி என்றும் தடித்ததை ஆறாவது என்றும் எண்ண வேண்டும்). ஆள்காட்டி விரல் இரண்டாம் தந்தியின் முதல் ஃபிரெட்டில், நடுவிரல் நான்காம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டில், மோதிர விரல் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில். ஏ மைனருக்குப் போக முதலிரண்டு விரல்களும் அசையவே வேண்டாம். மோதிர விரலை மட்டும் எடுத்து மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டில் வைத்தால் முடிந்தது. புதிதாகக் கற்பவரோ மூன்று விரல்களையும் தூக்கி, காற்றில் ஒரு கணம் யோசித்து, மறுபடி ஒவ்வொன்றாக வைப்பார். அந்த ஒரு கணத்தில்தான் தாளம் விழுகிறது. எந்த இரு கார்டுகளைக் கற்றாலும், இடம் மாறாத விரல் எது என்று முதலில் தேடுங்கள்.

அப்படியும் மாற்றம் தாமதமானால் வலக்கையை நிறுத்த வேண்டாம். அது மேலும் கீழும் போய்வந்துகொண்டே இருக்கட்டும். இடக்கை பிந்தினால் பிந்தட்டும். ஓரிரு வெற்றுத் தந்திகள் ஒலிப்பதைக் கேட்பவர் பொறுத்துக்கொள்வார், தாளம் நிற்பதைப் பொறுக்கமாட்டார்.

கார்டின் பெயர் எதற்கு, படத்தைப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் தங்கள் குரலுக்குப் பாட்டை மாற்றும்போது மாட்டிக்கொள்வார்கள். நமக்கு ஒரு வசதி உண்டு, பாடுபவரின் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கு. ஒரு கட்டை என்பது சி, இரண்டு டி, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. ஜி, ஈ மைனர், சி, டி என்ற நான்கு கார்டுகள் கைவந்தவர் ஐந்து கட்டையில் பாடுபவருக்கு வாசிக்கலாம். எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கேப்போ என்ற கவ்வியை முதல் ஃபிரெட்டில் மாட்டினால் அதே விரல்கள் ஐந்தரைக் கட்டை, இரண்டாவதில் மாட்டினால் ஆறு. எந்தச் சுருதியில் இருக்கிறோம் என்று பெயர் தெரிந்தால்தான் இந்தக் கணக்கு நடக்கும். தடித்த இரு தந்திகளின் முதல் ஐந்து ஃபிரெட்களில் உள்ள ஸ்வரப் பெயர்களைக் கற்க ஐந்து கோட்டுக் குறிப்பு தேவையில்லை. ஒரு மாலைப்பொழுது போதும்.

கருவியைச் சந்தேகிக்காமல் தன்னையே சந்தேகிப்பது இன்னொரு தவறு. விலை குறைந்த கிதார்கள் பலவற்றில் தந்திகள் தேவைக்கு மேல் உயரத்தில் நிற்கும். இரும்புத் தந்தி என்றால் பன்னிரண்டாம் ஃபிரெட்டின் மேல் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். தடித்த தந்திக்குக் கீழே இரண்டரை மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருந்தால் சுகம். நான்கு இருந்தால் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவதே முறை. நைலான் தந்தி கிதாருக்கு இந்த இடைவெளி சற்றுக் கூடுதலாகவே இருக்கும், அது இயல்பு. ஆனால் சத்தம் பெரிதாக வேண்டும் என்று நைலான் கிதாரில் இரும்புத் தந்தி மாட்டிவிடாதீர்கள். அந்த இழுவையை அதன் உடல் தாங்காது, தந்திகளை உடலோடு பிணைக்கும் பிரிட்ஜ் பெயர்ந்துகொண்டு வரும்.

சுருதி சேர்ப்பதில் ஒரே எச்சரிக்கை. முதல் தந்தியும் ஆறாம் தந்தியும் ஈ ஸ்வரம்தான், எனவே சுருதி காட்டும் கைபேசிச் செயலியான டியூனர் இரண்டுக்கும் ஒரே எழுத்தைக் காட்டும். எழுத்தை மட்டும் நம்பி முறுக்கிக்கொண்டே போனால் மெல்லிய தந்தி அறுந்து முகத்தில் அடிக்கும்.

விரல் நுனி சில வாரங்கள் எரியும், காய்த்ததும் சரியாகிவிடும். மணிக்கட்டு வலி அப்படியன்று. தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள், அல்லது ஃபிரெட் கம்பியை ஒட்டி அழுத்தாமல் இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் அழுத்துகிறீர்கள். ஞாயிறன்று மூன்று மணி நேரம் உட்கார்ந்து வாரத்தின் மற்ற நாட்களில் பெட்டியைத் திறக்காதவர்களுக்கு இந்த வலி அதிகம். தினம் கால்மணி நேரமே மேல்.

எல்லோரும் கிதாரைப் பரண்மேல் ஏற்றுவது எஃப் கார்டில். ஒரே விரலால் ஆறு தந்திகளையும் முதல் ஃபிரெட்டில் அழுத்த வேண்டும். கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட்டை ஒட்டிய அந்த இடத்தில்தான் தந்தி மிக முரடாக இருக்கும். அங்கே தொடங்குவதுதான் தவறு. இப்போதைக்கு மெல்லிய நான்கு தந்திகளை மட்டும் மீட்டும் சிறிய எஃப்பை வைத்துப் பாட்டை ஓட்டுங்கள். முழு வடிவத்தை ஐந்தாம் ஃபிரெட்டில் பழகுங்கள், அங்கே அது ஏ கார்டாக ஒலிக்கும். ஆறு தந்தியும் தெளிவாகக் கேட்டபிறகு நான்காவது, மூன்றாவது என்று ஒவ்வொரு ஃபிரெட்டாக நட்டை நோக்கி நகர்ந்து வாருங்கள்.