கனடாவுக்குப் போகும் வேலூர்ப் பெரியவர்களுக்கு: அரசு மானியமும் நம் தொண்டும்

மகன் வீட்டுக்குக் கனடா போகிறோம் என்று காட்பாடியில் என்னைத் தேடி வருபவர்கள் முதலில் கேட்பது ஸ்வெட்டரையும் ஊறுகாயையும் பற்றித்தான். நான் ஒன்டாரியோ மாகாணத்தில், டொராண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் மகள் வீட்டில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்தவள். குளிர் ஒரு வருஷத்தில் பழகிவிடும். காலையில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு வீட்டில் விழும் அமைதிதான் பழகாது. வேலூர் வெயிலில் வாசற்படியில் உட்கார்ந்து பத்துப் பேரோடு பேசியே வாழ்ந்தவர்களுக்கு அது பெரிய தண்டனை. அதனால் போன முதல் மாதமே ஒரு முதியோர் சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள்.

அந்தச் சங்கங்கள் பலவற்றுக்கு அரசுப் பணம் வருகிறது. கனடா மத்திய அரசின் ‘நியூ ஹொரைசன்ஸ் ஃபார் சீனியர்ஸ்’ திட்டம் 2004-இல் தொடங்கியது. உள்ளூர் அமைப்புகளின் திட்டம் ஒன்றுக்கு 25,000 டாலர் வரை மானியம் தருகிறது. முதியோரே தொண்டு செய்வதை வளர்ப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. ஒன்டாரியோ மாகாண அரசும் தனியாக முதியோர் மானியம் தருகிறது. அது 1,000 முதல் 25,000 டாலர் வரை.

இந்தப் பணம் உங்கள் கைக்கு வராது. நம் ஊர் முதியோர் உதவித்தொகை போல இதை நினைக்க வேண்டாம். அமைப்புதான் விண்ணப்பிக்க முடியும். செலவும் அமைப்பின் கணக்கில்தான். தையல் மிஷின், நாற்காலி, வகுப்புக்கு வேண்டிய சாமான் என்று அது போகும்.

மத்திய அரசு மானியத்துக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. திட்டம் முதியோரே நடத்துவதாகவோ, அவர்கள் யோசனையில் பிறந்ததாகவோ இருக்க வேண்டும். முதல் தடவை ‘முதியோரைச் சுற்றுலா அழைத்துப் போகிறோம்’ என்று எழுதினோம், கிடைக்கவில்லை. யாரோ எங்களுக்குச் செய்வதாக எழுதியதுதான் தவறு என்று இன்றும் நினைக்கிறேன். மறுவருஷம் நாங்கள் என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்று எழுதினோம். கிடைத்தது.

வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர் எங்கள் சங்கத்தில் இருந்தார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர்களின் மாத்திரை டப்பிகளை வரிசையாக வைத்து, காலை மாத்திரைக்குச் சூரியன், ராத்திரி மாத்திரைக்குப் பிறை என்று மார்க்கர் பேனாவால் வரைவார். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் உட்கார்ந்து லேபிளைப் படித்துச் சொல்வான். ஒன்டாரியோவில் பள்ளிப் படிப்பை முடிக்க 40 மணி நேரம் சமூகத் தொண்டு செய்தாக வேண்டும். அவனுக்கு அது கணக்கில் ஏறியது, அக்காவுக்குப் பேச ஒரு பேரன் கிடைத்தான். இப்படி இரண்டு தலைமுறை சேரும் வேலையை விண்ணப்பத்தில் தாராளமாக எழுதுங்கள்.

பேச்சைப் பற்றியும் கூச்சப்படாதீர்கள். அங்கே சங்கங்களில் ஈழத்து மக்களே அதிகம். அவர்கள் ‘கதைப்பார்கள்’, நாம் ‘இன்னாம்மா’ என்போம். இரண்டே வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். குடியாத்தம் பக்கத்துத் தெலுங்கும் வாணியம்பாடி உருதும் தெரிந்திருந்தால் அங்கே நீங்கள் பெரிய சொத்து. பக்கத்து வீட்டுப் பாகிஸ்தான் அம்மாவைச் சங்கத்துக்குக் கூட்டி வந்தது எங்களில் உருது தெரிந்த ஒருவர்தான்.

பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ பார்க்கப் போகும் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் தரும் சூப்பர் விசாவில் போகிறவர்கள் கவனம். இப்போது ஒரு தடவை போனால் 5 வருஷம் வரை தங்கலாம், ஆனால் வேலை செய்ய அனுமதி இல்லை. வழக்கமாகச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையைத் தொண்டு என்று சொல்லிச் செய்தாலும் சிக்கல் வரலாம். கோலம் சொல்லிக்கொடுப்பது வேறு, ஒருவர் கடையில் தினமும் நிற்பது வேறு. சந்தேகம் வந்தால் சங்கத்திலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிரந்தரவாசியாகப் போனாலும், கனடாவில் 10 வருஷம் வாழ்ந்த பிறகுதான் பொதுவாக முதியோர் ஓய்வூதியம். அதுவரை பஸ் காசுக்குக்கூட மகனிடம் கேட்க மனசு வராது. தொண்டர்களின் பயணச் செலவைத் திட்டத்தின் பட்ஜெட்டில் சேர்க்க முடியுமா என்று விண்ணப்பம் எழுதும்போதே கேளுங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை.

குழந்தைகளோடோ தள்ளாத முதியவர்களோடோ பழகும் தொண்டு என்றால் போலீஸ் சரிபார்ப்புக் கேட்பார்கள். எல்லோரையும் கேட்பதுதான், மனம் நோகாதீர்கள். விண்ணப்பம் இங்கிலீஷிலோ பிரெஞ்சிலோதான் இருக்க வேண்டும். பேரப்பிள்ளையை எழுதச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். பெட்டி கட்டும்போது ஊறுகாய்க்குப் பக்கத்தில் உங்கள் பணிச் சான்றிதழ், தையல் டிப்ளமா, பாட்டுப் பரீட்சைச் சான்று எதுவானாலும் ஒரு நகல் வையுங்கள். ‘உங்களால் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்?’ என்று சங்கத்தில் முதல் நாளே கேட்பார்கள்.