வாக்கியத்தின் வாலில் சேரும் வெற்றுச் சொற்கள்

தமிழ் வாக்கியத்தில் தேவையற்ற சொற்கள் பெரும்பாலும் கடைசியில்தான் போய்ச் சேரும். இதைப் பாருங்கள்:

"மழையின் காரணமாகப் பாதிப்புக்குள்ளான சாலைகளைச் சீரமைக்கும் பணிகள் தற்போது தீவிரமாக மேற்கொள்ளப்பட்டு வருகின்றன என்பது குறிப்பிடத்தக்கது."

மொத்தம் 12 சொற்கள். பின்னாலிருந்து வருவோம். குறிப்பிட வேண்டியது என்பதால்தானே எழுதுகிறோம்? அப்புறம் எதற்கு 'என்பது குறிப்பிடத்தக்கது'? அடுத்து, இங்கே நடக்கும் வேலை சீரமைப்பு. அதை 'சீரமைக்கும் பணிகள்' என்று பெயராக்கிவிட்டதால், வாக்கியத்தை முடிக்க 'மேற்கொள்ளப்பட்டு' என்று இன்னொரு வினையைத் தேட வேண்டியதாகிவிட்டது. 'வருகின்றன' என்பதிலேயே நிகழ்காலம் இருக்கிறது, 'தற்போது' வேண்டாம். 'தீவிரமாக' என்பதற்குப் பதில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எப்போது முடியும் என்று எழுதலாம். அது தெரியாவிட்டால் அந்தச் சொல்லையும் எடுத்துவிடலாம். சரி, சீரமைப்பது யார்? செயப்பாட்டுவினை இவ்வளவு நேரம் அதை மறைத்து வைத்திருந்தது.

"மழையில் சேதமான சாலைகளை நகராட்சி சீரமைத்து வருகிறது."

ஆறே சொற்கள். முன்பு இல்லாத தகவல் ஒன்றும் சேர்ந்துவிட்டது. சொல்லைக் குறைக்க உட்கார்ந்தால் விட்டுப்போனதும் கண்ணில் படும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சின்னச் சின்னப் பிழைகளும் உண்டு. 'மீண்டும் திரும்ப' என்பதில் ஒன்று போதும். '10 முதல் 15 பேர்' என்றாலே தோராயம்தான், முன்னால் 'சுமார்' எதற்கு? 'அவர் ஒரு ஆசிரியர்' என்பதில் 'ஒரு' ஆங்கிலப் பழக்கத்தில் ஒட்டிக்கொண்டது.

ஆனால் வெட்டுவதிலும் தவறு நேரும். நன்னூல் பட்டியலிடும் பத்துக் குற்றங்களில் 'மிகைபடக் கூறல்' இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலில் நிற்பது 'குன்றக் கூறல்', அதாவது தேவையானதையும் சொல்லாமல் விடுவது. 'நாளை கூட்டம் இல்லை' என்று மட்டும் அனுப்பினால், ரத்தா, தள்ளிவைப்பா என்று ஒவ்வொருவரும் திரும்பக் கேட்பார்கள். எழுதியவருக்கு மிச்சமானது சில சொற்கள், படித்தவர்களுக்கு அலைச்சல். 'நாளைய கூட்டம் வியாழன் காலை 10 மணிக்கு மாறியிருக்கிறது, அதே அறை' என்பது அதைவிட நீளம்தான். ஆனால் அதில் எடுக்க ஒரு சொல்கூட இல்லை.