கேமிங் பிசி போட்டு கேம்ப்ளே ரெக்கார்ட் பண்றது எப்படி (நான் சொதப்பினதையும் சேர்த்து)

போன மாசம் சித்தி பையன் ஒரு வீடியோ அனுப்பினான், "அண்ணா பாத்துட்டு சொல்லு"ன்னு. புது பிசி, ஜிடிஏ 5, படம் கண்ணாடி மாதிரி இருக்கு, ஆனா அவன் பேசுறதுல ஒரு வார்த்தை புரியல, சீலிங் ஃபேன் கடகடன்னு ஓடுது, நடுவுல குக்கர் மூணு விசில், கடைசியில சித்தி "சாப்ட வாடா"ன்னு கூப்பிட்டது மட்டும் தெளிவா கேட்டுச்சு. கிராபிக்ஸ் கார்டுக்கு அவ்ளோ காச கொட்டினவன் மைக்க பத்தி யோசிக்கவே இல்ல. அன்னைக்கு அவனுக்கு போன்ல ஒன்றர மணி நேரம் சொன்னதத்தான் இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

மொதல்ல என்ன வாங்கணும்னு. என் பிசியவே வெச்சு சொல்றேன்: ப்ராசசர் ரைசன் 5 5600, பி550 மதர்போர்டு, 8+8னு 16 ஜிபி டிடிஆர்4 ரேம், கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு கரண்ட் குடுக்குற பெட்டி). இதவிட புதுசு எவ்ளோவோ வந்தாச்சு, ஆனா 1080பில விளையாடி 1080பில ரெக்கார்ட் பண்றவனுக்கு இது போதும். விலை நான் சொல்லல, இன்னைக்கு ஒண்ணு சொன்னா அடுத்த வாரம் வேற இருக்கும், நாலு கடையில கொட்டேஷன் வாங்கி பாத்துக்கோங்க, எங்க வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் இல்லாம நகராதீங்க, பின்னாடி வாரண்டிக்கு அதத்தான் கேப்பாங்க.

ரெக்கார்டிங்குக்குன்னு பாத்தா கார்டுல ஒரே ஒரு விஷயம் முக்கியம், என்கோடர். என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்டுக்குள்ள என்வென்க்னு வீடியோவ சுருக்குறதுக்குன்னே ஒரு தனி பகுதி இருக்கு, கேம ஓட்டுற பகுதி வேற இது வேற, அதனால ரெக்கார்ட் ஓடும்போது எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தன ஃப்ரேம்னு கணக்கு) பெருசா அடி வாங்காது. ஏஎம்டி கார்டுலயும் இதே மாதிரி இருக்கு, இன்டெல்ல உள் கிராபிக்ஸ் இருக்குற ப்ராசசர்னா குவிக் சிங்க். 12400எஃப் மாதிரி பேருக்கு கடைசியில எஃப் வந்தா உள் கிராபிக்ஸ் கிடையாது, குவிக் சிங்க்கும் கிடையாது, அத பாத்து வாங்குங்க.

எஸ்எம்பிஎஸ்ல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. என் மொத பிசிக்கு கடைக்காரர் "தம்பி இதுவும் 500 வாட்தான்"னு பேர் தெரியாத ஒண்ண மாட்டி விட்டாரு, கேம் லோட் ஆனாலே பிசி அப்படியே அணஞ்சிடும், ரெண்டு மாசம் விண்டோஸ் பிரச்சனைன்னு நெனச்சு நாலு தடவை ஃபார்மட் அடிச்சேன். 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (Bronze) முத்திரை போட்ட தெரிஞ்ச கம்பெனியா வாங்குங்க. 3060 ஃபுல் லோடுல 170 வாட் பக்கம் இழுக்கும், ப்ராசசர் மத்ததெல்லாம் சேத்தாலும் 550 தாராளம்.

அசெம்பிள் பண்றது நெனக்கிற அளவுக்கு கஷ்டமில்ல, ஆனா அவசரப்படக்கூடாது. கேபினட்டுக்குள்ள மாட்டுறதுக்கு முன்னாடி போர்டு வந்த அட்டப்பெட்டி மேலயே போர்ட வெச்சு ப்ராசசர், ரேம், கூலர், கார்டு எல்லாம் போட்டு ஒரு தடவை ஆன் பண்ணி பாத்துடுங்க, உள்ள எல்லாத்தையும் முறுக்கி முடிச்சப்புறம் டிஸ்ப்ளே வரலைன்னா அழுகையே வரும். ப்ராசசர் மூலையில தங்க கலர்ல குட்டி முக்கோணம் இருக்கும், சாக்கெட்லயும் அதே முக்கோணம், ரெண்டும் ஒரே மூலைக்கு வரணும். 5600 மாதிரி ஏஎம்4 சாக்கெட் ப்ராசசர்ல பின்னு ப்ராசசர் அடியிலதான் இருக்கு, அழுத்தவே வேணாம், சரியா வெச்சா தானா உக்காந்துடும்.

கூலர்லதான் நான் மாட்டிக்கிட்டேன். 5600 கூட வர்ற கூலர்ல நாலு ஸ்பிரிங் ஸ்க்ரூ, ஆனா போர்டுல சாக்கெட்டுக்கு ரெண்டு பக்கமும் கறுப்பு பிளாஸ்டிக் க்ளிப் ஏற்கனவே முடுக்கி இருக்கும், அத கழட்டினாத்தான் இது உக்காரும், அந்த க்ளிப்ப கழட்டினதும் போர்டுக்கு பின்னாடி இருக்குற பிளேட்டு தொபுக்குன்னு விழுந்துடும். அத ஒரு கையால தாங்கிக்கிட்டே ஸ்க்ரூவ குறுக்கு குறுக்கா, அதாவது எதிரெதிர் மூலையா, கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும். ஒரே மூலைய ஃபுல்லா டைட் பண்ணிட்டு அடுத்ததுக்கு போனா கூலர் ஒரு பக்கமா தூக்கிக்கும். பேஸ்ட் கூலர்லயே தடவி வரும், மேல நீங்க ஒண்ணும் போட வேணாம், விரல வெச்சும் பாக்காதீங்க.

ரேம் ரெண்டும் ப்ராசசர்லேர்ந்து எண்ணினா ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல போடுங்க, பக்கத்துல பக்கத்துல போட்டா ட்யூயல் சேனல் (ரெண்டு ரேமும் சேந்து வேகமா ஓடுறது) கிடைக்காது. போர்டுக்கு மேல் மூலையில ப்ராசசருக்குன்னு ஒரு 8 பின் கனெக்டர் இருக்கு, அத மாட்ட மறந்துட்டு "ஃபேன் சுத்துது டிஸ்ப்ளே வரல"ன்னு கேக்குறவங்க பாதி பேர். இன்னொரு பாதி பேர் மானிட்டர் கேபிள கார்டுல குத்தாம போர்டுல குத்தினவங்க, 5600ல உள் கிராபிக்ஸே இல்ல, போர்டுல குத்தினா கறுப்புத்தான்.

கரண்ட் விஷயம். கேபினட்ட தொட்டா சுர்ருனு இருந்தா உங்க பிளக்குல எர்த் இல்லன்னு அர்த்தம், பழைய வீடுகள்ல மூணு ஓட்ட சாக்கெட் இருக்கும் பின்னாடி எர்த் ஒயரே இருக்காது, எலக்ட்ரீஷியன கூப்பிட்டு அத மொதல்ல சரி பண்ணுங்க. யூபிஎஸ் வாங்கினா 600 விஏ வாங்காதீங்க, அது 360 வாட் பக்கம்தான் தாங்கும், கேம் ஓடும்போது பிசியும் மானிட்டரும் சேந்து அத ஒட்டி வந்துடும், 1000 விஏக்கு மேல பாருங்க. வீட்டு இன்வெர்ட்டர்லயே ஓட்டுறவங்க அதுக்கு பின்னாடி யூபிஎஸ் மோட்னு ஒரு சுவிட்ச் இருக்கான்னு பாத்து அதுல போடுங்க, இல்லன்னா கரண்ட் மாறுற அந்த நொடியில பிசி ரீஸ்டார்ட் ஆகிடும்.

விண்டோஸ் 11 போட்டதும் மூணு வேலை. பயாஸ்குள்ள (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற போர்டோட செட்டிங்ஸ்) போய் எக்ஸ்எம்பி ஆன் பண்ணுங்க, சில போர்டுல டிஓசிபின்னு இருக்கும், அது பண்ணாட்டி 3200னு காசு குடுத்து வாங்கின ரேம் 2133லயோ 2666லயோதான் ஓடிட்டு இருக்கும். அப்புறம் டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல மானிட்டர் ரெஃப்ரெஷ் ரேட்ட 144க்கு மாத்துங்க, தானா 60லதான் நிக்கும், என் ஃப்ரெண்டு ஒருத்தன் ஒரு வருஷம் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல 60லயே விளையாடிட்டு "ஒரு வித்தியாசமும் தெரியல மச்சி"ன்னு சொல்லிட்டு திரிஞ்சான். மூணாவது, வேலோரன்ட் விளையாடுறதா இருந்தா பயாஸ்ல டிபிஎம், செக்யூர் பூட்னு ரெண்டு பாதுகாப்பு செட்டிங்கும் ஆன்ல இருக்கணும், விண்டோஸ் 11ல அது இல்லாம அந்த கேம் உள்ளயே விடாது.

இனி ரெக்கார்டிங். ஓபிஎஸ் ஸ்டுடியோன்னு ரெக்கார்ட் பண்ற சாஃப்ட்வேர் இருக்கு, அத இறக்கிக்கோங்க, ஃப்ரீ, வாட்டர்மார்க் கிடையாது, டைம் லிமிட் கிடையாது. அதோட சொந்த சைட்லேர்ந்தே இறக்குங்க, தேடினா மேல வர்ற விளம்பர லிங்க்க தொடாதீங்க. மொத தடவை தொறக்கும்போது ஒரு விசார்டு வரும், அத மூடிடுங்க. சோர்ஸ்ல ப்ளஸ் அழுத்தி கேம் கேப்சர் போடுங்க, டிஸ்ப்ளே கேப்சர் போட்டா நடுவுல வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷன் வந்தாலும் அதுவும் வீடியோல வந்துடும், யார் என்ன அனுப்புவாங்கன்னு நம்ம கையில இல்ல. லேப்டாப்ல கறுப்பா வந்துச்சுன்னா விண்டோஸ் கிராபிக்ஸ் செட்டிங்ஸ் போய், கேம் எந்த கார்டுல ஓடுதோ ஓபிஎஸ்ஸையும் அதே கார்டுக்கு மாத்துங்க.

செட்டிங்ஸ்ல வீடியோவுல பேஸ், அவுட்புட் ரெண்டும் 1920க்கு 1080, எஃப்பிஎஸ் 60. அவுட்புட்ல மோட அட்வான்ஸ்டு ஆக்கி, ரெக்கார்டிங் டேப்ல என்கோடர் என்விடியா என்வென்க் எச்.264, ரேட் கன்ட்ரோல் சிக்யூபி (குவாலிட்டிய ஒரே அளவுல வெக்கிற முறை), நம்பர் 20. இந்த நம்பர் குறைய குறைய குவாலிட்டி ஏறும், ஃபைலும் வீங்கும், 18க்கு கீழ போறது வீண், 23க்கு மேல போனா புல்லு இலையெல்லாம் கொழகொழன்னு ஆகிடும். ஃபைல் எவ்ளோ வரும்னு ஒரு கணக்கு வேணும்னா, நொடிக்கு 50 மெகாபிட்னு வெச்சா ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜிபி. அதுக்காக இன்னொரு எஸ்எஸ்டி வாங்கணும்னு இல்ல, இந்த வேகம் நொடிக்கு 6 எம்பி சொச்சம்தான், பழைய ஹார்ட் டிஸ்க்கே அசால்ட்டா எழுதும், கேம் எஸ்எஸ்டில இருக்கட்டும் ரெக்கார்டிங்க ஹார்ட் டிஸ்க்ல விடுங்க.

ஃபார்மட் எம்கேவி வைங்க. நான் சாதாரண எம்பி4ல வெச்சிருந்தேன், ஒரு ஞாயித்துக்கிழம ரெண்டு மணி நேரம் ஒரு பாஸ் ஃபைட்ட முக்கி முக்கி முடிச்சேன், முடிச்ச அஞ்சாவது நிமிஷம் கரண்ட் கட், அப்போ யூபிஎஸ் இல்ல. பிசி திரும்ப வந்ததும் ஃபைல் இருக்கு, சைஸ் 40 ஜிபிக்கு மேல காட்டுது, தொறந்தா ஓட மாட்டேங்குது. எம்பி4 அதோட இண்டெக்ஸ ரெக்கார்டிங் நிறுத்தும்போதுதான் எழுதும், நடுவுல போச்சுன்னா மொத்தமும் போச்சு. எம்கேவின்னா அதுவரைக்கும் எழுதினது தப்பிக்கும். எடிட்டருக்கு எம்பி4 வேணும்னா ஓபிஎஸ் ஃபைல் மெனுல ரீமக்ஸ்னு இருக்கு, கொஞ்ச நேரத்துல மாத்திடும், குவாலிட்டியும் குறையாது.

இப்ப சத்தம், சித்தி பையன் கோட்ட விட்ட இடம். கேம் சத்தமும் உங்க குரலும் ஒரே ட்ராக்ல போச்சுன்னா அப்புறம் பிரிக்கவே முடியாது, சாம்பார்ல போட்ட உப்பு மாதிரிதான். அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸ்ல 1வது ட்ராக்குக்கு எல்லாம், 2க்கு கேம் மட்டும், 3க்கு மைக் மட்டும்னு டிக் பண்ணிட்டு, மறுபடி ரெக்கார்டிங் டேப் போய் 1, 2, 3 மூணையும் டிக் பண்ணணும், இந்த ரெண்டாவது டிக்க விட்டுட்டா மொத டிக்குக்கு மதிப்பே இல்ல. ஸ்பீக்கர்ல விளையாடாதீங்க, அந்த சத்தம் திரும்ப மைக்குக்குள்ள போய் எதிரொலி அடிக்கும், ஹெட்போன் போட்டுக்கோங்க.

மைக் ஃபில்டர்ல நாய்ஸ் சப்ரஷன் போட்டு ஆர்என்நாய்ஸ்னு இருக்குறத தேர்ந்தெடுங்க, ஃபேன் சத்தத்துல பாதிக்கு மேல அதுவே முழுங்கிடும். அதுக்கு கீழ கம்ப்ரெசர் (சத்தத்தோட ஏத்த இறக்கத்த குறைக்கும்), கடைசியா லிமிட்டர் (ஒரு அளவுக்கு மேல ஏற விடாது), இதே வரிசையில. ஆனா ஃபில்டர விட பெரிய வித்தை மைக்க கிட்ட வைக்குறதுதான், வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாணுக்குள்ள, நேரா இல்லாம கொஞ்சம் பக்கவாட்டுல, அப்பத்தான் "ப" சொல்லும்போது காத்து போய் மோதாது. மைக் தூரத்துல இருந்து கெயின (மைக் சத்தம் பிடிக்கிற அளவ) ஏத்தினா உங்க குரலோட சேந்து ஃபேனும் ஏறும், தெருவுல போற ஆட்டோவும் ஏறும். பேசும்போது மீட்டர் மஞ்சள்ல ஆடணும், கத்தும்போது கூட சிவப்போட கடைசிய தொடக்கூடாது. சீலிங் ஃபேன நிறுத்திட்டு மே மாசத்துல யாரும் உக்கார முடியாது, ஒண்ணுல வெச்சுட்டு டேபிள் ஃபேன முதுகுக்கு பின்னாடி வைங்க, மைக் முன்னாடி இருக்குறதால காத்து நேரா அதுல படாது.

இவ்ளோவும் பண்ணிட்டு உடனே ரெண்டு மணி நேரம் ரெக்கார்ட் போட்டுடாதீங்க. 30 செகண்ட் போடுங்க, கேம்ல எங்கயாவது வெடி வெடிக்கிற இடத்துல நின்னு பேசிக்கிட்டே போடுங்க, நிறுத்தி ஹெட்போன்ல ஒரு தடவை மொபைல் ஸ்பீக்கர்ல ஒரு தடவை கேளுங்க, ஏன்னா பாக்குறவங்க நிறைய பேர் மொபைல்லதான் கேப்பாங்க. நான் இன்னைக்கும் ஒவ்வொரு தடவையும் இது பண்றேன், மைக் மியூட்ல இருந்தத பாதி நாள் இதுலதான் கண்டுபிடிக்கிறேன்.

கேம்ல ஸ்மூத்தா இருந்து வீடியோல மட்டும் திக்குதுன்னா ஓபிஎஸ்ல ஸ்டாட்ஸ் தொறங்க. ரெண்டரிங் லேக்னு ஃப்ரேம் எண்ணிக்கை ஏறுச்சுன்னா கார்டு 99 பர்சன்ட்ல மூச்சு முட்டிட்டு இருக்கு, ஓபிஎஸ்ஸுக்கு அது இடமே குடுக்கல. ஓபிஎஸ்ஸ அட்மினிஸ்ட்ரேட்டரா ரன் பண்ணுங்க, கேமோட எஃப்பிஎஸ்ஸ கட்டிப் போடுங்க. எவ்ளோல கட்டணும்னா 60 இல்லன்னா 120, மானிட்டர் 144ன்னாலும் சரி. 120ஐ 60 ஆக்கும்போது ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்தா கணக்கு சரியா வரும், 144ல சரியா பங்கு வராது, கேமராவ திருப்பும்போது லேசா ஒரு தடுமாட்டம் தெரியும். என்கோடிங் லேக்னு ஏறுச்சுன்னா என்வென்க்க விட்டுட்டு எக்ஸ்264ல (ப்ராசசர்ல ஓடுற என்கோடர்) இருக்கீங்களான்னு பாருங்க, பெரும்பாலும் அதுவாத்தான் இருக்கும்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் ஃப்ரீ வெர்ஷன் போதும், அத தனியா ஒரு நாள் எழுதணும். பாட்டு விஷயத்துல மட்டும் உஷார், ஜிடிஏ 5ல கார் ரேடியோல ஓடுறது பெரும்பாலும் நெசமான கம்பெனி பாட்டு, யூட்யூப்ல பாட்ட கண்டுபிடிக்கிற கன்டென்ட் ஐடி பிடிச்சா அந்த வீடியோல வர்ற வருமானம் பாட்டுக்காரங்களுக்கு போயிடும், செட்டிங்ஸ்ல மியூசிக்க பூஜ்யத்துல வெச்சுடுங்க. சைபர்பங்க் 2077ல இதுக்குன்னே காப்பிரைட் பாட்ட நிறுத்துற ஆப்ஷன் தனியா இருக்கு.

எக்ஸ்போர்ட் பண்ணும்போது 1080பி வீடியோவ 1440பிக்கு ஏத்தி எக்ஸ்போர்ட் பண்ணுங்க, யூட்யூப் அந்த சைஸுக்கு பிட்ரேட் (நொடிக்கு எவ்ளோ டேட்டான்னு) அதிகமா குடுக்கும், புல்லுக்குள்ள ஓடுற சீன்ல வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அப்லோட் முடிஞ்சதும் லிங்க்க எடுத்து குரூப்ல போட ஓடாதீங்க, மொதல்ல சின்ன சைஸ்தான் ரெடி ஆகும், பெரிய சைஸ் வர நேரம் பிடிக்கும். ப்ரைவேட்ல போட்டு வெச்சுட்டு தூங்கிடுங்க, காலையில 1440பி வந்திருக்கான்னு பாத்துட்டு பப்ளிக் ஆக்குங்க. சித்தி பையன் இத மட்டும் கேக்கல, நைட்டு பதினோரு மணிக்கே குடும்ப குரூப்ல போட்டுட்டான், பெரியப்பா பாத்துட்டு "ஏம்ப்பா இவ்ளோ மங்கலா இருக்கு, பழைய கம்ப்யூட்டரா"ன்னு கேட்டாரு.