தென்னந்தோப்பில் காண்டாமிருக வண்டைக் கண்டுபிடிப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

வண்டு மரத்தில்தான் இருக்கும் என்று எல்லோரும் மேலேயே பார்ப்பார்கள். அதன் வாழ்நாளில் பெரும்பகுதி குப்பைக்குழியில் கழிகிறது. மேலிருந்து தொடங்கிக் கீழே வருவோம்.

படி 1: ஓலை

விரிந்த ஓலையின் இருபுறமும் ஒரே மாதிரி முக்கோண வெட்டுகள் தெரிகின்றனவா? குருத்து விரியும் முன்பே வண்டு அதைத் துளைத்திருக்கிறது. மடித்த காகிதத்தைக் கத்தரித்துப் பிரித்தது போல, விரிந்த பிறகுதான் வெட்டு வெளியே தெரியும். ஆக, இது பழைய சேதம். வெட்டிய வண்டு எப்போதோ பறந்திருக்கலாம்.

படி 2: கொண்டை

மட்டை இடுக்கில் துளையும், அதன் வாயில் மென்று தள்ளிய நார்ச்சக்கையும் இருக்கும். சக்கை ஈரமாக இருந்தால் ஆள் உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம். நுனி வளைந்த கம்பியை விட்டுக் குத்தி இழுங்கள். குருத்தைக் குத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், அந்தக் காயத்தை அப்படியே விடாதீர்கள். சிவப்புக் கூன்வண்டு முட்டையிட வருவது இந்த மாதிரி இடத்துக்குத்தான், அது மரத்தையே சாய்த்துவிடும். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மேல் மட்டை இடுக்குகளில் போடுவது வழக்கம்.

படி 3: ஆணா, பெண்ணா?

மூன்றரை முதல் ஐந்து செ.மீ. நீளம், பளபளக்கும் கருப்பு அல்லது கரும்பழுப்பு நிறம். கையில் எடுக்கலாம், கால் முட்கள் கீறும், அவ்வளவுதான். கொம்பு இரண்டுக்கும் உண்டு. ஆணுக்கு நீளம் என்பார்கள், ஆனால் பொடி ஆண்களின் கொம்பும் குட்டையாகவே இருக்கும், அதை நம்ப வேண்டாம். திருப்பி வயிற்றின் நுனியைப் பாருங்கள். அங்கே செம்பழுப்பு முடி அடர்ந்திருந்தால் பெண்.

படி 4: எருக்குழி

முக்கியமான வேலை இதுதான். மக்கிய சாணம், அழுகிய தென்னந்தடி, இற்றுப்போன அடிக்கட்டை எல்லாவற்றையும் கிளறுங்கள். முட்டை 8 முதல் 12 நாளில் பொரியும். பழுப்புத் தலையுடன் வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழு மூன்று, நான்கு மாதம் மக்கியதைத் தின்று விரல் தடிமனாகும். பிறகு கூட்டுப்புழுவாகச் சுமார் மூன்று வாரம். வண்டான பிறகும் கொஞ்ச நாள் கூட்டுக்குள்ளேயே இருந்துவிட்டுத்தான் வெளியே வரும். புழு மரத்தைத் தொடுவதில்லை. சேதமெல்லாம் வளர்ந்த வண்டின் வேலை.

எருவில் கிடக்கும் எல்லாப் புழுவும் இதுவல்ல. தரையில் விட்டதும் மல்லாந்து முதுகால் ஊர்ந்தால் அது பூவண்டு வகை. விட்டுவிடுங்கள்.

படி 5: ஒழிப்பது

பொறுக்கி அழிப்பதும் எருவை அடிக்கடி புரட்டுவதும் போதாவிட்டால் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையைக் குழியில் கலக்கலாம். தாக்கப்பட்ட புழு விறைத்து, மேலே பச்சைப் பொடி படியும். இலங்கையிலிருந்து ரப்பர் கன்றுகளோடு 1909இல் சமோவாவுக்குப் போய்ச் சேர்ந்த இதே வண்டு, பசிபிக் தீவுகளின் தென்னைகளைப் பாடாய்ப் படுத்தியது. மலேசியாவில் கண்டறிந்த ஒரு வைரஸை 1960களில் அங்கே விட்ட பிறகுதான் கொஞ்சம் அடங்கியது.

பறக்கும் வண்டுக்கு மண்பானை போதும். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, பானைகளில் ஊற்றித் தோப்பில் ஆங்காங்கே வையுங்கள். வாடைக்கு வந்து விழும். நாற்றத்தைத் தாங்க முடியாது, வீட்டுப் பக்கம் வேண்டாம்.