கர்னலை மாற்றினேன், பாஷ் படுத்துவிட்டது

கொழிஞ்சாம்பாறையில் மாமாவின் தேங்காய் மண்டிக் கணக்கு, டெபியன் 7 என்ற பழைய லினக்ஸ் காலத்துச் சூழல் ஒன்றில், சீரூட்டுக்குள் (அதே மெஷினில் தனியாகப் பிரித்து வைத்த அடைப்புக்குள்) ஓடிக்கொண்டிருந்தது. வெளியே இருந்த சிஸ்டத்தை டெபியன் 9-க்கு ஏற்றினேன்; சிஸ்டத்தின் மையமான கர்னல் 4.9 ஆனது, உள்ளே வெளியே இரண்டுக்கும் அது ஒன்றுதான். மறுநாள் உள்ளே நுழைந்தால், கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷே எழவில்லை, 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்ற நினைவகப் பிழை. ரேம் போச்சு என்று கழற்றித் துடைத்து மாட்டினேன். வெட்டி வேலை.

வெளியே எல்லாக் கட்டளைகளும் ஒழுங்காக ஓடின. அங்கேதான் பொறி தட்டியது. உள்ளே இருந்த, எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் பழைய சி லைப்ரரி 2.13, கர்னலிடம் நேரம் கேட்க 'விசிஸ்கால்' என்ற மாறாத நினைவக முகவரிக்குத் தாவும். தாக்குகிறவர்களுக்கு அது வசதி என்று புதிய கர்னலில் அடைத்துவிட்டார்கள்.

மெஷின் எழும்போது கர்னலை ஏற்றும் கிரப்பின் அமைப்பில், கர்னல் வரியில் 'விசிஸ்கால்=எமுலேட்' (பழைய முகவரியைப் போலவே நடித்துக் காட்டு) சேர்த்து, அதைப் பதிய அப்டேட்-கிரப் ஓட்டி ரீபூட் செய்தேன். கணக்கு திறந்தது. பாதுகாப்பு கொஞ்சம் குறைவுதான்; நெட் இல்லாத மண்டி மெஷின், பரவாயில்லை. மாமா அதற்குள் பாதிக் கணக்கை அட்டைப்பெட்டியில் எழுதி வைத்திருந்தார்.