கோட் கேட்கிறது, கொடுக்கட்டுமா?

போன வருடம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்குத் தம்பி போன் செய்தான். "அக்கா, என் கிரிப்டோவை யாரோ எடுக்கப் பாக்குறாங்க. ரத்து பண்ண கோட் கேக்குது, குடுக்கட்டுமா?"

அவனுக்கு வந்திருந்த எஸ்எம்எஸ், எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) வழக்கமாக ஓடிபி அனுப்பும் அதே பெயரில், பழைய உண்மையான எஸ்எம்எஸ்களுக்குக் கீழேயே இருந்தது. அனுப்புநர் பெயரைப் போலியாக வைக்க முடியும். பெயர் ஒன்றாக இருந்தால் போன் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிடும். லிங்கைத் தொட்டு பாஸ்வேர்டையும் கொடுத்திருந்தான். "ஆனா ஓடிபி நிஜமாவே வந்துச்சே" என்றான். வரத்தான் செய்யும். போலிப் பக்கத்தில் நாம் அடிக்கும் பாஸ்வேர்டைத் திருடன் அந்த நொடியே உண்மையான தளத்தில் போடுகிறான். ஓடிபியை அனுப்புவது உண்மையான தளம். அந்த கோட் ரத்து செய்ய அல்ல, திருடன் உள்ளே நுழைய. போனிலேயே கோட் உருவாக்கித் தரும் அதெண்டிகேட்டர் ஆப்பில் 30 நொடிக்கு ஒருமுறை எண் மாறுவதும் இங்கே காப்பாற்றாது. அவனுக்கு அந்த 30 நொடி போதும்.

முகவரியைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். 2018இல் பைனான்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சின் பயனர்களை ஏமாற்றிய போலி முகவரியில் எழுத்துகள் எல்லாம் சரியாகவே இருந்தன. இரண்டு எழுத்துகளுக்கு அடியில் மட்டும் சின்னப் புள்ளி, திரையில் ஒட்டிய தூசி மாதிரி. சிக்கியவர்களின் கணக்குகளில் ஓசையில்லாமல் ஏபிஐ கீ (பாஸ்வேர்டு இல்லாமலே ஒரு மென்பொருள் கணக்கை இயக்க உதவும் சாவி) உருவாக்கி வைத்துக் காத்திருந்து, மார்ச் 7 அன்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினார்கள். அதனால் எந்த லிங்க் வழியாகவும் உள்ளே போகாதீர்கள். தேடலில் முதலில் வரும் விளம்பரமும் இதில் அடக்கம். ஆப்பைத் திறங்கள், அல்லது நீங்களே சேமித்த புக்மார்க். பாஸ்கீ வசதி (பாஸ்வேர்டுக்குப் பதில் போனின் கைரேகை அல்லது பூட்டைக் கொண்டு நுழைவது) இருந்தால் அதற்கு மாறுங்கள். அது உண்மையான முகவரியில் மட்டும்தான் வேலை செய்யும், புள்ளிக்கு ஏமாறாது.

எஸ்எம்எஸ்ஸை விட எனக்குப் பயம் போன் அழைப்புதான். உங்கள் பெயர், முகவரி, கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது வரை சொல்வார்கள். காயின்பேஸ் என்ற எக்ஸ்சேஞ்சின் வெளிநாட்டு வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் சிலருக்கு லஞ்சம் கொடுத்து இப்படிப்பட்ட விவரங்களை எடுத்தது 2025 மே மாதம் வெளியே வந்தது. 69,000க்கும் மேற்பட்டவர்களின் தகவல் அது. ஆக, விவரம் தெரிந்தவர் எக்ஸ்சேஞ்ச் ஆள் என்று அர்த்தமில்லை. "பணத்தைப் பாதுகாப்பான வாலட்டுக்கு மாற்றுங்கள்" என்று, அந்த வாலட்டைத் திறக்கும் சாவியான 12 சொற்களை அவரே வாசித்துக் காட்டினால், அந்த வாலட் அவருடையது. எதுவும் பேசாமல் வைத்துவிடுங்கள்.

ஈமெயிலுக்கு ஒரு நல்ல வழி உண்டு. பல எக்ஸ்சேஞ்சுகளில் நீங்களே ஒரு ரகசியச் சொல்லை அமைக்கலாம். அவர்கள் அனுப்பும் மெயிலில் அது இருக்கும். அந்தச் சொல் இல்லாத மெயிலைத் திறந்து யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டீர்களா? அன்று தம்பியோடு போனிலேயே இருந்து செய்தது இதுதான்: அந்தப் பக்கத்தை மூடி, ஆப்பில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறி, தெரியாத ஏபிஐ கீயோ பணம் எடுக்கும் முகவரியோ சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தோம். எதுவும் இல்லை. அப்புறம் மெயிலின் பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னேன், இரண்டும் ஒன்றாகவே வைத்திருந்தான்.