கன்னியாச் சூடு போதாது

என் பேரன் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். மகளுக்குத் தாய்ப்பால் போதவில்லை. வைத்தியர் பால்மாவும் கொடுக்கச் சொன்னார். திருகோணமலை உப்புவெளியில் மூன்று பிள்ளைகளை வளர்த்தவள் நான், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். காலையில் கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணீரில்தான் பத்து மணிப் பாலைக் கரைத்தேன். வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அம்மா, சூடு தண்ணீருக்காக மட்டுமல்ல, மாவுக்காகவும்தான்" என்றார்.

அன்றுவரை எனக்கு அது தெரியாது. ரின்னில் வரும் பால்மா கிருமி நீக்கிய பொருள் அல்ல. குரோனோபாக்டர், சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அதில் இருக்கலாம். குரோனோபாக்டர் உலர்ந்த மாவில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஈரமும் இளஞ்சூடும் கிடைத்தால் பெருகும். 2022இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு பெரிய தொழிற்சாலைக்குள்ளேயே அது கண்டுபிடிக்கப்பட்டு, பால்மா திரும்பப் பெறப்பட்டது.

ஆகவே மாவைக் கரைக்கும் தண்ணீர் 70 பாகை செல்சியஸுக்குக் குறையக்கூடாது. உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் 2007இல் வெளியிட்ட வழிகாட்டல் அதைத்தான் சொல்கிறது. கன்னியா வெந்நீரூற்றில் நாம் சுகமாக அள்ளிக் குளிக்கும் சூடு இதற்குப் போதாது. கை தாங்கும் சூட்டில் இந்தக் கிருமி சாகாது. சில ரின்களில் 70 பாகையைவிடக் குறைந்த சூடு அச்சிடப்பட்டிருக்கும். குறைமாதப் பிள்ளை என்றால் வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள்.

நான் இப்போது செய்வது இதுதான். போத்தலையும் சூப்பியையும் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நீரில் மூழ்கவைத்துக் கொதிக்க விடுகிறேன். கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொள்கிறேன். கேத்திலில் ஒரு லீற்றர் தண்ணீர் கொதித்து இறங்கியதும் அரைமணிக்குள் கரைத்துவிடுகிறேன். கொஞ்சத் தண்ணீர் என்றால் சீக்கிரம் ஆறிவிடும். முதலில் தண்ணீர், பிறகு அளவுக் கரண்டியைத் தலைதட்டி மா. கரண்டி ஈரமாக ரின்னுக்குள் போகக்கூடாது. மூடிக் குலுக்கி, குளிர்ந்த நீருள்ள பாத்திரத்தில் போத்தலை நிறுத்தி ஆற்றுகிறேன். மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்க்காமல் பிள்ளையின் வாயில் வைப்பதே இல்லை, சூடு நாக்கைப் பொசுக்கிவிடும்.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் குரோனோபாக்டர் மூளைக்காய்ச்சலையும் இரத்தத்தில் தொற்றையும் உண்டாக்கலாம். காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, ஓயாத அழுகை, சோர்ந்து கிடப்பது, வலிப்பு: இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ரின்னையும் எடுத்துச் செல்லுங்கள்.

இரவுக்கென்று முன்கூட்டியே கரைத்து வைக்காதீர்கள். திருகோணமலை வெக்கையில் மேசைமேல் இருக்கும் பால் கிருமிக்கு நல்ல விளைநிலம். கரைத்து இரண்டு மணிநேரத்துக்குள் குடிக்காத பாலைக் கொட்டிவிட வேண்டும். பிள்ளை வாய்வைத்து மீதிவிட்டதை அடுத்த வேளைக்கு வைக்கவே கூடாது. பால்மா விற்கும் விலையில் நெஞ்சு பதறத்தான் செய்கிறது. ஆனாலும் முற்றத்து வாழைக்குத்தான் ஊற்றுகிறேன்.